வட்டமாக ஆடிய தூளி

மிஸ்பா தூளியைப் பாதி ஆட்டத்தில் பிடித்து நிறுத்தினாள். அன்று காலையில் அது நான்காவது தடவை. அப்போதுதான் கண் சொருகத் தொடங்கியிருந்த ஃபர்தீன் உள்ளே துள்ளி விழுந்து அழ ஆரம்பித்தான். ஐந்து மாதக் குழந்தை.

"இப்ப இன்னாத்துக்குமா நிறுத்தின?" அடுப்படியிலிருந்து மாமியார் ரஹமத் கேட்டாள்.

"பீரோவுல இடிக்கப் பாத்துது மாமி."

"பீரோ எங்க இருக்குது, தூளி எங்க இருக்குது? நடுவுல ஒரு ஆளு படுத்துத் தூங்கலாம்."

அது உண்மைதான். தூளி நின்றுகொண்டிருக்கும்போது மிஸ்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கூடத்துக் கொக்கியில் மாமியாரின் நூல் புடவையில் கட்டிய தூளி. அதற்குப் பின்னால் மூன்றடி தள்ளிச் சுவரோரமாக பீரோ. ஆனால் ஆட்டிவிட்டால் கதை மாறியது. இடமிருந்து வலமாகப் போகும்போது தூளி பின்னுக்கு ஒதுங்கி பீரோவை உரசப் போனது. வலமிருந்து இடமாகத் திரும்பும்போது அவள் முகத்தை நோக்கி வந்தது. நேராகப் போய் நேராக வர வேண்டியது, கிணற்றைச் சுற்றி வருவதைப் போல வட்டம் போட்டது. பீரோவில் மோதப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். சத்தம் வராது. சத்தம் வராததுதான் அவளை இன்னும் அலைக்கழித்தது.

ஏறக்குறைய மூன்று மாதமாக இப்படி. ஆரம்பத்தில் கொக்கி தளர்ந்திருக்கிறது என்றாள். அவள் கணவன் சாஹில் திண்டிவனம் ரோட்டில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறை வைத்திருந்தான். அவன் ஏணி போட்டு ஏறிக் கொக்கியைக் கழற்றிப் புதிதாக மாட்டினான். அப்புறமும் தூளி சுற்றுகிறது என்றாள். மறுபடியும் ஏறி இன்னொரு கொக்கி மாட்டி, கீழே இறங்கித் தூளியை ஆட்டிக் காட்டினான்.

"பாரு. கோடு போட்ட மாதிரி போவுது."

"சுத்துதுங்க."

"எங்க சுத்துது?"

அவள் விரலால் காற்றில் வட்டம் வரைந்து காட்டினாள். சாஹில் தூளியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு கொக்கியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

பேசாமல் இருந்தாலும் உடம்பு அடங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு குறுக்கே போனால் விலகி நின்றாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பந்து எறிந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். பந்து அவள் பக்கமே வரவில்லை என்பது அப்புறம்தான் தெரியும். ஊரை ஒட்டிய மலைக்கோட்டையைப் பார்க்கப் போகும் டூரிஸ்ட் வேன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனையைக் கடக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

ஒரு புதன்கிழமை ஃபர்தீனுக்குச் சளி. மருந்து வாங்க நாத்தனார் ஜோயாவோடு பஜாருக்குப் போனாள். ஜோயா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். குழந்தை மிஸ்பாவின் தோளில் இருந்தது. மருந்துக்கடை திருவண்ணாமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம். வலப்பக்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ் வந்தது. அது ரோட்டை விட்டு இறங்கித் தன்மேல் ஏறப் போகிறது என்று மிஸ்பா இரண்டடி பின்வாங்கி, பின்னாலிருந்த கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டாள். பஸ் தன் பாட்டில் போனது. வண்டிக்காரி மங்கை, "ஏம்மா, பாத்து நில்லு" என்றாள்.

பிறகு ரோடு காலியாக இருந்தது. பாதி தாண்டினார்கள். எதிர்ச் சாரியில் இடப்பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. அது எங்கோ அந்த ஓரத்தில், சாக்கடைப் பலகையை ஒட்டிப் போவதாகத்தான் மிஸ்பாவுக்குத் தெரிந்தது. தாராளமாக இடம் இருக்கிறது என்று காலை எடுத்து வைத்தாள். ஜோயா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பைக் அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"நேரா வர்ற வண்டி தெரியலயா அண்ணி?"

"தூரத்துல போன மாதிரி இருந்துது."

"கையில புள்ள இருக்குது அண்ணி."

ஜோயா அதை வீட்டில் சொல்லவில்லை என்றுதான் மிஸ்பா நினைத்தாள். ஆனால் மறுநாள் மாமியார் மருந்துக்குத் தானே போய்வருவதாகச் சொன்னபோது புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. மாமியார் உள் அறையில் தொழுதுகொண்டிருந்தாள். தூளியை அவள்தான் ஆட்டிவிட்டுப் போயிருந்தாள். மிஸ்பா துணி மடித்துக்கொண்டு தூளியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. தலையைத் திருப்பினாள். தூளி பின்னால் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் தலைப்பக்கம் பீரோவின் கைப்பிடிக்கு நேராக இருந்தது. பாய்ந்துபோய்ப் பிடித்தாள். கையில் காற்றுதான் கிடைத்தது. தூளி அவள் நினைத்த இடத்தில் இல்லை. இரண்டாவது எட்டலில் புடவையின் ஒரு விளிம்பு மட்டும் அகப்பட்டது. அதை இழுத்த வேகத்தில் தூளி ஒருபக்கமாகச் சாய்ந்து திறந்துகொள்ள, ஃபர்தீன் வழுக்கித் தரையில் விழுந்தான்.

முழங்கால் உயரம்தான். நெற்றியில் ஒரு புடைப்பு. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, இன்று முழுக்கக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் திட்டுவாள் என்று மிஸ்பா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். பால் கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்து, முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சாஹில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம விழுப்புரம் போய்ட்டு வரலாம். ஒரு டாக்டர் இருக்காரு. மனசுக்குப் பாக்கறவரு. புள்ள பொறந்தப்புறம் சில பேருக்கு இப்படி ஆவுமாம். மாத்திரையில சரியாயிடுமாம்."

"எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்க."

"தூங்கறியா நீ?"

தூங்கி வாரக்கணக்காகிறது.

"புள்ள மேல உனக்குப் பயமா? சும்மா கேக்கறேன். கோவிச்சுக்காத."

"புள்ள மேல இல்ல. தூளி மேல."

சொன்னதும் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது. சாஹில் எழுந்து வெளியே போனான். மிஸ்பா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியது தூளியைவிடப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சாஹில் மேல்சித்தாமூரில் ஒரு புது வீட்டுக்கு ஜன்னல் மாட்டப் போயிருந்தான். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மிஸ்பாவுக்கு ஒரு யோசனை. வீடியோ எடுத்துக் காட்டிவிட்டால் யாரும் மறுக்க முடியாது. குழந்தைக்குப் பதில் ஒரு தலையணையைத் தூளியில் வைத்தாள். மொபைலைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்திவிட்டு, தூளியை ஆட்டி ஒரு நிமிடம் எடுத்தாள். ஜோயாவைக் கூப்பிட்டாள்.

"பாரு ஜோயா. இதோ பின்னாடி போவுது. இப்ப முன்னாடி வருது. தெரியுதா?"

ஜோயா இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். "நேராத்தான் ஆடுது அண்ணி."

"இல்ல, நல்லாப் பாரு."

"அண்ணி." ஜோயாவின் குரல் இறங்கிவிட்டது. "வீடியோவுல எப்படி அண்ணி முன்னாடி வரும்? அது கண்ணாடி. தட்டையா இருக்குது."

மிஸ்பா மொபைலை வாங்கிப் பார்த்தாள். திரையில் ஒரு விரல் உயரத் தூளி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரைக்கு உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய். ஜோயா சொன்னது சரி. தட்டையான கண்ணாடியில் எப்படிச் சுற்ற முடியும்? நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து இடது கண்ணில் இறங்கி எரிந்தது. கண்ணை மூடி, துப்பட்டா நுனியால் அழுத்திக்கொண்டாள். வலது கண் மட்டும் திரையில் இருந்தது.

தூளி நேராக ஆடியது.

இடது கண்ணைத் திறந்தாள். சுற்றியது. மூடினாள். நேராக ஆடியது. இப்போது வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தாள். அதிலும் நேராகத்தான் ஆடியது. இரண்டையும் திறந்தாள். சுற்றியது.

எழுந்து கூடத்துத் தூளியை ஆட்டிவிட்டு அதையே செய்தாள். பத்துத் தடவை, இருபது தடவை. ஒவ்வொரு கண்ணும் தனியாக இருந்தால் ஒழுங்காகக் காட்டுகிறது. சேர்ந்தால்தான் கோளாறு. ஜோயா சுவரோரம் நின்று, அண்ணி ஒரு கண்ணை மூடி மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

ரோட்டை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தாண்டினாள். எந்த வண்டியும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று இருந்தது. அங்கே சனிக்கிழமைகளில் கண் பரிசோதிக்க வித்யாஸ்ரீ என்ற பெண் வருவாள். முப்பது வயதிருக்கும், நான்கு வருடம் அதற்கென்றே படித்தவள். மிஸ்பாவை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். மிஸ்பா இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"பார்வை நல்லா இருக்குதும்மா. கண்ணாடி தேவையில்ல."

"எழுத்து நிக்குதே மேடம். நிக்கறது எல்லாம் எனக்கு ஒழுங்காத்தான் தெரியுது. ஆடினாத்தான், ஓடினாத்தான் எடம் மாறுது. ஒரு கண்ணை மூடினா சரியாயிடுது."

வித்யாஸ்ரீ எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள். "மறுபடி சொல்லுங்க."

மிஸ்பா எல்லாவற்றையும் சொன்னாள். தூளி, பஸ், பைக், வீடியோ. சொல்லும்போது நடுவில் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். வித்யாஸ்ரீ சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு சிவப்பு மூடியை எடுத்து வலது கண்ணுக்குக் காட்டினாள், பிறகு இடது கண்ணுக்கு.

"ரெண்டும் ஒரே சிவப்பா?"

"இல்ல. இந்தக் கண்ணுல வெளுத்துப் போயிருக்குது. வெயில்ல கிடந்த மாதிரி."

"இந்தக் கண்ணுல எப்பவாச்சும் வலி வந்துதா?"

வந்திருந்தது. பிரசவம் முடிந்து இரண்டாவது மாதம். இடது கண்ணை அசைத்தால் உள்ளே குத்தியது. ஒரு பத்து நாள் புகைமூட்டம் மாதிரி இருந்தது. தூக்கம் கெட்டதால் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தானாகவே தெளிந்தது. யாரிடமும் காட்டவில்லை.

வித்யாஸ்ரீ கண்ணாடிச் சட்டங்களில் திருகு முடுக்க வைத்திருந்த குட்டித் திருப்புளியை ஒரு நூலில் கட்டி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆட்டினாள். மிஸ்பா விரலால் வட்டம் காட்டினாள். வித்யாஸ்ரீ பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி வில்லையை எடுத்து மிஸ்பாவின் இடது கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். வட்டம் இன்னும் பெரிதாகி, மிஸ்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். வில்லையை வலது கண்ணுக்கு, நல்ல கண்ணுக்கு மாற்றினாள்.

திருப்புளி நேராக ஆடியது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"இன்னொரு வாட்டி ஆட்டுங்க மேடம்" என்றாள் மிஸ்பா. அப்புறம் இன்னொரு வாட்டி. மூன்றாவது தடவை கேட்கும்போது அழுதுவிட்டாள்.

அதற்குள் ஜோயா போன் செய்து, அண்ணி எங்கேயோ போய்விட்டாள் என்று சாஹிலிடம் சொல்லியிருந்தாள். அவன் மேல்சித்தாமூரிலிருந்து பைக்கில் வந்து பஜாரில் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் அலுமினியத் தூளோடு உள்ளே நுழைந்தான். மிஸ்பா அழுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"வீட்டுக்காரரா? உக்காருங்க" என்றாள் வித்யாஸ்ரீ. "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்குது?"

"எனக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது."

"இதை இடது கண்ணுக்கு முன்னால புடிங்க. ரெண்டு கண்ணையும் தெறந்து வைங்க. மூடக் கூடாது." நூலை ஆட்டினாள். "இது எப்படிப் போவுது?"

சாஹில் பார்த்தான். வில்லையை எடுத்தான். மறுபடி வைத்தான். நூலைப் பிடித்திருந்த அவள் கையைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

"நீங்க சுத்தறீங்களா மேடம்?"

"நான் நேராத்தான் ஆட்டறேன்."

"சுத்துது" என்றான்.

வித்யாஸ்ரீ விளக்கினாள். "ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துல படம் அனுப்பணும். அந்த ரெண்டு படத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை வெச்சுத்தான் எது கிட்ட, எது தூரம்னு மூளைக்குத் தெரியுது. இவங்க இடது கண்ணோட நரம்பு கொஞ்சம் லேட்டா அனுப்புது. கண்ணு இமைக்கிற நேரம்கூட இல்ல, அதைவிடக் கம்மி. நிக்கிற பொருள்னா லேட்டானாலும் பரவாயில்ல, அதே எடம்தான். ஓடுற பொருள்னா, வலது கண்ணு இப்ப இருக்கற எடத்தைக் காட்டுது, இடது கண்ணு கொஞ்சம் முன்னாடி இருந்த எடத்தைக் காட்டுது. மூளை அதைக் கிட்டம் தூரம்னு தப்பா எடுத்துக்குது. இந்தப் பக்கம் ஓடினா கிட்ட வர்ற மாதிரி, அந்தப் பக்கம் ஓடினா தள்ளிப் போற மாதிரி. வெளிச்சம் கம்மியானா எந்தக் கண்ணும் மெதுவாத்தான் வேலை செய்யும். அதனாலதான் கறுப்பு வில்லை வெச்சதும் உங்களுக்கும் சுத்துது. இவங்க நல்ல கண்ணுக்கு அதை வெச்சா ரெண்டும் ஒரே வேகமாயிடும், அப்படி ஒரு கண்ணாடி செஞ்சு போட்டுக்கலாம்."

சாஹில் வில்லையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "தூளி உனக்கு இப்படியா தெரிஞ்சுது?" என்று மிஸ்பாவைக் கேட்டான்.

"இதைவிடப் பெருசா."

"நான் கொக்கியை ரெண்டு வாட்டி மாத்தினேன்" என்றான்.

"நான் டாக்டர் இல்லீங்க" என்றாள் வித்யாஸ்ரீ. "அன்னிக்கு வலிச்சப்போ கண்ணு நரம்பு வீங்கியிருக்கும், அது எதனாலன்னு பாக்கணும். லேட் பண்ணாதீங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

திங்கட்கிழமை அவர்கள் விழுப்புரம் போகவில்லை, பாண்டிச்சேரி போனார்கள். அங்கே அவள் தலையில் ஒயர்களை ஒட்டி, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் மாறி மாறித் துடிக்கும் திரையைப் பார்க்கச் சொன்னார்கள். இடது கண்ணின் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது என்று அதில் தெரிந்தது. மறுவாரம் ஸ்கேன் எடுத்தார்கள். தலை நரைத்த பெண் டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணு நரம்புல வீக்கம் வந்து போயிருக்குது. மூளையில ஒரு எடத்துல சின்னதா ஒரு தடம் இருக்குது. அதுக்கு இப்பவே ஒரு பேரு வைக்க வேணாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். நடுவுல வலியோ, மங்கலோ, கை கால் மரத்துப் போறதோ, எது வந்தாலும் உடனே வந்துடணும்."

"திரும்ப வருமா மேடம்?"

"வரலாம். வராமலும் போகலாம். உறுதியாச் சொல்ல முடியலம்மா."

வித்யாஸ்ரீ சொன்னபடி கண்ணாடி தயாரானது. இடது பக்கம் சாதாரண வில்லை, வலது பக்கம் அடர் பழுப்பு. தெருவில் போனால் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டார்கள். எந்தக் கண்ணுக்குக் கோளாறோ அதற்குத்தானே மறைப்பு போடுவார்கள் என்றார்கள். நல்ல கண்ணுக்குத்தான் போட்டிருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை. மிஸ்பா விளக்குவதை நிறுத்திக்கொண்டாள்.

வண்டிகள் அதனதன் இடத்தில் ஓடின. ஆனால் மனம் அதன் இடத்துக்கு வரவில்லை. காலையில் எழுந்ததும் சிவப்பு பக்கெட்டின் முன் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பாள். நேற்றைவிட வெளுத்திருக்கிறதா? கால் மரத்திருப்பது உட்கார்ந்திருந்ததாலா, அல்லது அதுவா? துணி அலசும்போது, சோறு வடிக்கும்போது, பாதியில் கண்ணை அசைத்துப் பார்ப்பாள், வலிக்கிறதா என்று. தூக்கம் வராததால் விழுப்புரம் டாக்டரையும் ஒரு நாள் அவளாகவே கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாஹிலும் அவளோடு வந்தான்.

மாமியார் மட்டும் முழுக்க மாறவில்லை. மகன் நூலில் திருப்புளியைக் கட்டி ஆட்டி எல்லாவற்றையும் சொல்லிக் காட்டியபோது கேட்டுக்கொண்டாள். குழந்தையை முன்னைவிட அதிக நேரம் மிஸ்பாவிடம் விட்டாள். ஆனால் தானும் அதே அறையில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். மிஸ்பா அதைக் கேட்கவில்லை. குழந்தையின் நெற்றிப் புடைப்பு தன் கையால் ஆனதுதான். கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபர்தீனுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது ஒரு வியாழக்கிழமை, மாமியார் பச்சைக் கரை வைத்த புடவை உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஜோயா கல்லூரிக்குப் போயிருந்தாள். சாஹில் பட்டறையில்.

"வேலூர்ல சொந்தத்துல ஒரு நிச்சயதார்த்தம். போய்ட்டு சாயங்காலம் வந்துடறேன்" என்றாள். குழந்தையை மிஸ்பாவின் இடுப்பில் வைத்தாள். "கூழு காய்ச்சி வெச்சிருக்கேன். பதினோரு மணிக்கு ஊட்டு." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

வீடு அமைதியாகிவிட்டது. மிஸ்பாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். கூழின் சூட்டை நான்கு தடவை பார்த்தாள். பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, அவன் புரண்டு எங்கேயாவது போய்விடுவான் என்று நாலு பக்கமும் தலையணை வைத்தாள். அவன் குப்புறப் புரண்டு, தலையைத் தூக்கி, குனிந்திருந்த அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். ஒரு பக்கத்துக் காம்பு படக்கென்று ஒடிந்தது. பழுப்பு வில்லையை வாயில் வைத்துக்கொண்டான்.

மிஸ்பா அதைப் பிடுங்கினாள். அவன் சிரித்து மறுபடி கையை நீட்டினான். அவள் சாஹிலுக்குப் போன் செய்தாள்.

"இன்னா ஆச்சு?" முதல் மணியிலேயே எடுத்தான். "புள்ளைக்கு எதாச்சும்?"

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடியை ஒடிச்சுட்டான். வரும்போது அந்தக் கடையில இன்னொண்ணு சொல்லிட்டு வாங்க. ரெண்டா சொல்லுங்க. ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்."

அந்தப் பக்கம் கட்டர் ஓடும் சத்தம் நின்றது.

"அம்மா இல்லல்ல? நான் வரட்டுமா?"

ஃபர்தீன் தலையணையின் மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ்பா ஒரு கையால் அவன் காலைப் பிடித்தாள். ஒரே பிடியில் கால் அகப்பட்டது.

"வேணாம்" என்றாள். "நீங்க வேலையைப் பாருங்க."